தொட்டியில் கிடைத்த சுறாப் பல்

கல்லுளிமங்கன்:
புதைபடிவம் தோண்டிப் பார்க்கும் நிகழ்ச்சிக்கு மகளோடு போனேன். மணல் தொட்டி, பிரஷ், சல்லடை எல்லாம் நீங்கள் பார்த்ததுதான். பத்தே நிமிஷத்தில் என் மகள் ஒரு சுறாப் பல்லை எடுத்துவிட்டாள். கட்டைவிரல் நகம் அளவு. விளிம்பெல்லாம் ரம்பம், வேர்ப்பக்கம் சொரசொர. "இத முதல்ல பார்க்கிறது நான்தானாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த நேரம் பார்த்து ஊழியர் ஒருவர் வாளியோடு வந்து, கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி பக்கத்துத் தொட்டியில் பற்களைத் தூவி, மணலைக் கிளறிவிட்டுப் போனார். அவள் பார்த்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சிப்பி:
பல் நிஜம்தானே, விடுங்கள். சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும். அதன் எலும்புக்கூடு குருத்தெலும்பு என்பதால் பெரும்பாலும் மட்கிப் போகும், பல்தான் மிஞ்சும். அதனால்தான் தொட்டியில் அள்ளிப் போட முடிகிறது. என் கதை வேறு. பெரணி இலைப் படிவம் கிடைத்துவிட்டது என்று குதித்தேன். வழிகாட்டி அம்மா லென்ஸை நீட்டி, "நடு நரம்பு எங்கே, காட்டுங்க" என்றார். இல்லை. கல் வெடிப்பில் கசிந்த நீர் விட்டுப்போன மாங்கனீசுக் கறையாம். பின்னால் நின்ற சின்னப் பையன் சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பழங்கல்:
சிப்பி, பல் நிஜமா என்பதா இங்கே கேள்வி? பிள்ளையிடம் ஆமாம் என்றாரே, அது. சரி, என் பங்குக்கு: ஊசியால் சுரண்டும் மேசையில் ஒரு ட்ரைலோபைட்டின் (அழிந்துபோன, ஓடுள்ள கடல் உயிரி) தலையைப் பெயர்த்துவிட்டேன். 25 கோடி வருஷத்துக்கு மேல் முழுசாக இருந்தது, என் கையில் நாலு நிமிஷம். போகிறவர்கள் கவனியுங்கள். ஊசி முனை படிவத்தைப் பார்த்து இருக்கக் கூடாது, அதற்கு வெளியே தள்ளிச் சுரண்டுங்கள். களிமண் கல்லில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊறி உதிரும். ஒடிந்தால் துணுக்குகளைப் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், கண்ட பசையையும் தடவ வேண்டாம். அருங்காட்சியகங்களில் பாரலாய்டு பி-72 என்ற பிசினை வைத்து ஒட்டுவார்கள், வேண்டும்போது அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம். அப்புறம் அந்த நாக்கு வித்தை. படிவ எலும்பில் நுண்துளை உண்டு, நாக்கில் ஒட்டும். வெறும் கல் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் ஊரார் கை பட்ட தொட்டியில் அதைச் செய்யாதீர்கள்.

கல்லுளிமங்கன்:
நாக்கு விஷயத்தை அவளிடம் வாய்தவறிச் சொல்லித் தொலைத்தேன், இப்போது வீட்டில் எந்தக் கல்லும் தப்பவில்லை. நேற்று அலமாரியில் அந்தப் பல்லைப் பார்த்தேன். பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "அங்கிள் போட்டது. நான் எடுத்தது."