நெல் வாங்கும் களஞ்சியத்தில் கணக்கெழுதும் கிறிஸ்தவர்கள் இருந்தால் உதவுங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம் தனியார் நெல் களஞ்சியம் ஒன்றில் கணக்கெழுதுகிறேன். மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவன். பெரும்போக அறுவடை தொடங்கியதிலிருந்து ஒரே சிக்கல்.

நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் கழிப்பது நியாயம். இங்கே மானி 13 காட்டினாலும் மூட்டைக்கு 3 கிலோ போகிறது. நான் எழுதிக் கொடுக்கும் எடைத் துண்டில் 68 கிலோ 65 ஆகிவிடும். கழிவு என்று ஒரு சொல் இருக்காது. படுவான்கரையிலிருந்து உழவு இயந்திரத்தில் நெல் ஏற்றி வருகிறவர் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரிதானே தம்பி?" என்று என்னைத்தான் கேட்கிறார்.

முதலாளியிடம் பேசினேன். "எல்லா இடத்திலும் இதுதான்" என்றார். கழிவுக்குத் தனி நிரல் போட்டு மாதிரித் துண்டு ஒன்றும் எழுதிக் காட்டினேன். மேசை இலாச்சிக்குள் போய்விட்டது. அளவீட்டுத் திணைக்களத்தில் முறையிடலாம் என்றால், தராசில் பிழையே இல்லை, முத்திரையும் உண்டு. களவு தராசில் இல்லை, என் பேனாவில் இருக்கிறது. போதகர் பொறுமையாக ஜெபிக்கச் சொன்னார். ஜெபிக்கிறேன், ஆனால் காலையில் லொறி வந்து நிற்கிறதே! கள்ளத்தராசைக் கண்டிக்கும் நீதிமொழிகள் 11:1 எனக்கும் தெரியும், வசனம் அனுப்ப வேண்டாம். வேலையை விடவும் இப்போது வழியில்லை. வீட்டில் என் சம்பளம் மட்டும்தான்.

கழிவைத் துண்டில் வெளிப்படையாக எழுத முதலாளியைச் சம்மதிக்க வைத்தவர்கள் உங்களில் இருந்தால், என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள்?