மறு: விறகடுப்பில் காற்று புகும் துளை – "காற்றுக்கண்" சரியா?

வணக்கம். அடுப்புப் பராமரிப்புக் கையேட்டில் இந்தத் துளையை எப்படித் தமிழில் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில்.

> "வளி உள்நுழை துளை" என்றே வைத்துக்கொள்வோம். பொருள் துல்லியமாக இருக்கிறது.

துல்லியம்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் "வளி உள்நுழை துளை அடைத்துக்கொண்டது" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிப்பதற்குள் அடுப்பே அணைந்துவிடும்.

நான் இருப்பது நார்வேயில். இங்கே 1998 முதல் புதிதாக விற்கும் விறகடுப்புகள், புகையையும் சேர்த்து எரிக்கும் வகை. காற்று அவற்றுக்குள் ஒரே வழியாகப் போவதில்லை. தணல் தட்டுக்கு அடியிலிருந்து வருவது ஒன்று. பற்றவைக்கும்போதுதான் அது அதிகம் வேண்டும். பின்சுவருக்குள் ஏறிச் சூடாகி, தீயறையின் மேல்பாதியில் வரிசையாக இருக்கும் பொடித் துளைகள் வழியே வந்து, எரியாத புகையை எரிய வைப்பது இன்னொன்று. கதவுக் கண்ணாடியின் உட்புறம் மேலிருந்து வழிந்து, கரி படியாமல் காப்பது மூன்றாவது.

போன மாதம் எங்கள் அடுப்பில் கண்ணாடி கறுத்துப்போனது, தீயும் மந்தமாக எரிந்தது. பிர்ச் கட்டை ஈரம் என்று திட்டினேன். அளந்தால் 17 விழுக்காடு. 20க்குக் கீழே இருந்தால் நன்றாகவே எரியும். அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்சுவர்த் துளைகளில் பாதி, சாம்பலும் கரியும் அப்பி மூடிக் கிடந்தன.

அப்போது வாயில் வந்தது, "கண் அடைச்சிருக்கு!" கிணறு தூர்வாரும்போது ஊற்றுக்கண் அடைத்துவிட்டது என்போமே, அதேதான். மதகுக்கும் கண், பாலத்துக்கும் கண். ஆகவே காற்றுக்கண்.

"காலதர்" சொன்னவருக்கு: சிலப்பதிகாரத்து "மான்கண் காலதர்" அழகுதான், ஆனால் அது சாளரம். கால் என்றால் காற்று என்று வேறு ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டும். அதிலும் ஒரு கண் இருக்கிறது பாருங்கள்.

கையேட்டில் வைத்துச் சோதித்தேன்:

"அடுப்பு முழுதும் ஆறட்டும். சாம்பலுக்குள் தணல் ஒரு நாளுக்கு மேலும் அணையாமல் இருக்கலாம். மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். சாம்பல் தட்டு நிரம்பினால் கீழ்க்கண் அடைபடும். மேற்கண்களைக் காய்ந்த தூரிகையால் துடைத்து, மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். வெளிச்சுவரிலிருந்து காற்றுக் குழாய் வந்தால், அதன் வலையில் சருகும் பூச்சிக்கூடும் சேர்ந்திருக்கும். காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், சூட்டில் கருகி ஒட்டிக்கொள்ளும். கிராபைட் தூள் போதும்."

——

> மேற்கண்களைக் காய்ந்த தூரிகையால்

உங்கள் காற்றுக்கண்ணுக்கு என் ஓட்டு. "மேற்கண்", "கீழ்க்கண்" மட்டும் வேண்டாம். "கீழ்க்கண்களைச் சுத்தம் செய்க" என்றால், படிப்பவர் கீழே ஏதோ பட்டியல் இருக்கிறது என்று தேடப் போவார். அடிக்கண், முதுகுக்கண், கண்ணாடிக்கண் என்று இடத்தை வைத்தே பெயரிடலாமே? மூன்றாவது மூக்குக்கண்ணாடி மாதிரிக் கேட்கிறது, சரி, கதவுக்கண்.

காற்றைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் தகட்டுக்குத் தனி இழை தொடங்குகிறேன், யாராவது "கண்ணிமை" என்று சொல்வதற்கு முன்.