வீக்கம் வடிந்தது எண்ணெயாலா, சூட்டாலா?

தட்டோன்காரன்:
நடவு முடிந்த கையோடு அம்மாவின் வலது முழங்கால் வீங்கிவிட்டது. வழக்கமான நொச்சி ஒத்தடந்தான் கொடுத்தோம். அதைச் சொல்ல வரவில்லை. அடுத்த வீட்டு பர்மியப் பாட்டி, யாரும் கூப்பிடாமலே ஒரு புட்டியோடு வந்தார். நல்லெண்ணெயில் எலுமிச்சைப் புல் எண்ணெயைச் சில சொட்டு விட்டுக் குழைத்துத் தடவினார். முனகிக்கொண்டிருந்த அம்மா வாசனை எழுந்ததும் சிரித்துவிட்டார்: “மொஹிங்கா மீன் குழம்பு நூடுல்ஸில் போடுவதைக் காலில் போடுகிறீர்களே!” மறுநாள் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். எது பலன் கொடுத்தது என்று இன்றும் புரியவில்லை.

மோல்மீன் அக்கா:
இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது தம்பி? நடவு முடிந்தது, காலுக்கு ஓய்வு கிடைத்தது. என் மாமியாருக்கு வெறும் உப்பு ஒத்தடத்திலேயே வடிந்தது. அவர் எழுந்து நேரே அடுப்படிக்குப் போனதைப் பார்த்து மாமனார் வாயடைத்து நின்றார். எலுமிச்சைப் புல்லில் இருக்கும் சிட்ரால், அழற்சிக்குக் காரணமான காக்ஸ்-2 நொதியை அடக்குகிறது என்பது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் கண்டது. தோலில் தடவினால் மூட்டுவரை போதிய அளவு போய்ச் சேருமா?

ரங்கூன் கடைக்காரன்:
அக்கா சொல்வது பாதிதான் சரி. இப்படிப்பட்ட எண்ணெய்ச் சத்து அழற்சியைக் குறைக்குமா என்று மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். யூகலிப்டஸ் எண்ணெயின் முக்கியப் பொருளான சினியோலை, ஸ்டீராய்டு மாத்திரையை நம்பியிருந்த 32 ஆஸ்துமா நோயாளிகளிடம் ஜெர்மனியில் சோதித்தார்கள். 2003இல் முடிவு வெளிவந்தது. நாளுக்கு மூன்று வேளை 200 மில்லிகிராம், 12 வாரம். சினியோல் எடுத்தவர்களுக்குத் தேவைப்பட்ட ஸ்டீராய்டு அளவு 36 சதவீதம் குறைந்தது, மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 7 சதவீதம். ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில் விழுங்கிய மாத்திரை. புட்டியைத் திறந்து குடித்துவிடாதீர்கள்.

என் கதை வேறு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் பெரியவர் ஒருவர், வின்டர்கிரீன் என்ற வலித் தைலத்தைத் தினமும் முதுகு முழுக்கத் தேய்த்துவந்தார். ஒருநாள் கடையில் சட்டைக் கையை மடக்கினார். தோலுக்கடியில் இரத்தம் கசிந்து கையெல்லாம் நீலத் திட்டு. அந்தத் தைலத்திலுள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவு, வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். ஆகவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கைக்குழந்தைக்குக் கற்பூரத் தைலம் வேண்டாம். இப்படிப்பட்ட எந்த வாசனை எண்ணெயையும் நல்லெண்ணெய் போன்றதில் கலக்காமல் தோலில் விடாதீர்கள், எலுமிச்சைப் புல் எண்ணெய் எரிச்சலூட்டும். வெயில் படாமல் மூடிவையுங்கள், பழையதானால்...

தட்டோன்காரன்:
அண்ணே, அம்மாவுக்கு மாத்திரை எதுவும் இல்லை. அக்கா சொன்னதைப் படித்துக் காட்டினேன். அடுத்த நடவில் இரண்டு காலும் வீங்கினால் ஒன்றுக்கு எண்ணெய், மற்றதற்கு உப்பு ஒத்தடம் என்று சொல்லிவிட்டார்.