போர்ட்டிஸ்ஹெட்: 'டம்மி'க்கு அப்புறம் எதைக் கேட்பது?

தாழ்வாரம் கேட்டது:

வணக்கம். கொஞ்ச நாளாக, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து இசைக்குழுவான போர்ட்டிஸ்ஹெட்டின் 'டம்மி' ஆல்பத்தைத் தவிர வேறு எதுவும் வீட்டில் ஓடவில்லை. 'ரோட்ஸ்' பாட்டின் ஆரம்பத்தில் கீபோர்டு நடுங்கிக்கொண்டே வருமே, அது வந்தாலே கையில் இருக்கிற வேலை நின்றுவிடுகிறது. அந்த வேகத்தில் 2008இல் வந்த 'தேர்ட்' ஆல்பத்துக்குத் தாவினேன். எல்லாரும் சொல்கிறார்களே என்று 'மெஷின் கன்' பாட்டை முதலில் போட்டேன். ஒவ்வொரு டிரம் அடியும் நெற்றிப்பொட்டில் விழுகிறது. பாடுகிற குரல் மட்டும்தான் அதே குரல்.

இவர்களுடைய ஆல்பங்களை எந்த வரிசையில் கேட்டால் இந்த மாற்றம் பிடிபடும்? நடுவில் 1997இல் குழுவின் பெயரிலேயே ஓர் ஆல்பம் வந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசக் காணோம். ரோஸ்லேண்ட் கச்சேரி ஆல்பம் தனியாக வாங்க வேண்டியதா, இல்லை அதே பாட்டுகள்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிமுனை எழுதியது:

தாழ்வாரம், நீங்கள் விட்டுவிட்டுப் போன அந்த 1997 ஆல்பத்தில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. வந்த வரிசையிலேயே கேளுங்கள். மொத்தமே மூன்று ஸ்டூடியோ ஆல்பங்கள், ஒரு கச்சேரி ஆல்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நான் ஒலிக்கலவை வேலையில் இருப்பவன். அதனால் அவர்கள் சத்தத்தை எப்படிச் செய்தார்கள் என்பதிலிருந்து சொல்கிறேன். குழுவைத் தொடங்கிய ஜெஃப் பாரோ பிரிஸ்டலில் கோச் ஹவுஸ் ஸ்டூடியோவில் டேப் ஓட்டும் எடுபிடிப் பையனாக இருந்தவர். அதே ஊர்க் குழுவான மாசிவ் அட்டாக் தங்கள் 'ப்ளூ லைன்ஸ்' ஆல்பத்தை அங்கே பதிவு செய்தபோது கூடவே இருந்தார். 1991இல், வேலையில்லாதவர்கள் சுயதொழில் தொடங்க அரசு நடத்திய ஒரு திட்டத்தின் வகுப்பில் பாடகி பெத் கிப்பன்ஸைச் சந்திக்கிறார். அப்புறம் ஜாஸ் கிட்டார்க்காரரான ஏட்ரியன் அட்லி சேர்கிறார். ஒலிப்பதிவாளர் டேவ் மெக்டொனால்டும் அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட நான்காவது உறுப்பினர்தான்.

'டம்மி' 1994 ஆகஸ்டில் வந்தது. அதில் பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகள் நிறைய. 'சவர் டைம்ஸ்' பாட்டின் முதுகெலும்பு லாலோ ஷிஃப்ரினின் 'டான்யூப் இன்சிடென்ட்'. 'பிஸ்கட்' பாட்டில் ஜானி ரே என்ற பழைய பாடகரின் குரலை வேகம் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். பாதாளத்திலிருந்து ஒருவர் பாடுவது போல இருக்கும். 'குளோரி பாக்ஸ்' பாட்டின் அடியில் நடப்பது ஐசக் ஹேய்ஸின் 1971ஆம் வருடத்து 'ஐக்ஸ் ராப் 2'. அதே துண்டை வைத்து, பிரிஸ்டல்காரரான டிரிக்கியும் 'ஹெல் இஸ் ரவுண்ட் தி கார்னர்' செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். 1995இல், பிரிட்டனில் வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசின் பட்டியலில் இந்த இரண்டு பாட்டுகளின் ஆல்பங்களும் இருந்தன. பரிசு 'டம்மி'க்குப் போனது.

சரி, 1997க்கு வருவோம். 'டம்மி' அவ்வளவு ஓடியதும் அந்தச் சாயலில் ஏகப்பட்ட பேர் கிளம்பிவிட்டார்கள். மெதுவான டிரம், கீறல் சத்தம், சோகமான பெண்குரல், அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. இவர்கள் எடுத்த முடிவு, அடுத்தவர் இசைத்தட்டை முடிந்தவரை தொடுவதில்லை என்பது. தாங்களே உட்கார்ந்து வாசித்தார்கள். டிரம், கிட்டார், தந்தி வாத்தியம், பித்தளைக் குழல் எல்லாம். அதை டேப்பில் பதிந்து, இசைத்தட்டாக வெட்டி வாங்கி, டர்ன்டேபிளில் ஏற்றி, அதிலிருந்து துண்டு எடுத்து, அதன்மேல் பாட்டைக் கட்டினார்கள். 'டம்மி'யிலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். சத்தம் பழையதாகத் தெரிய வேண்டும் என்று வெட்டிய தட்டுகளைத் தரையில் போட்டு மிதித்துத் தேய்த்திருக்கிறார்கள். இரண்டாவது ஆல்பத்தில் அதுவே முழுநேர வேலை ஆகிவிட்டது.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். இன்றைக்குக் கீறல் சத்தத்தைக் கணினியில் ஒரு பிளக்இன் மென்பொருளிலேயே சேர்த்துவிடலாம். ஆனால் அது பாட்டின் மேல் தூவினதாகத்தான் நிற்கும். இசைத்தட்டில் வெட்டும்போது அடிச்சத்தம் ஒடுங்குகிறது, மேல்சத்தம் மழுங்குகிறது. டிரம்மும் கிட்டாரும் ஒரே பள்ளத்தில் நெருக்கி உட்கார்ந்துவிடுகின்றன. அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பி ஓட்டும்போது அதனுள் இருக்கும் இரைச்சலும் தாளத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஹெட்போன் மாட்டி 'கௌபாய்ஸ்' பாட்டை ஒரு தடவை கேளுங்கள். குரல்கூட அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி நெறிபட்டு வருகிறது. 'டம்மி'யில் அழுத குரல் இங்கே பல்லைக் கடிக்கிறது. 'ஹாஃப் டே குளோசிங்' பாட்டில் பெத்தின் குரலைச் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக விட்டிருக்கிறார்கள். கடைசியில் குரல் எது, வாத்தியம் எது என்று பிரிக்க முடியாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. கடைசிப் பாட்டு 'வெஸ்டர்ன் ஐஸ்' முடிகிற இடத்தில், பழைய இரவு விடுதிப் பாடகர் ஒருவருடைய குரல் தேய்ந்த தட்டிலிருந்து வருகிற மாதிரி வரும். உறையில் 'ஷான் அட்கின்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற குழுவின் பாட்டிலிருந்து எடுத்ததாகப் போட்டிருக்கும். அப்படி ஒரு குழுவே கிடையாது. அந்தப் பழைய பாட்டையும் இவர்களே எழுதிப் பதிவு செய்தார்கள். இல்லாத ஒரு தட்டை உண்டாக்கி, அதைத் தேய்த்து, அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள்!

ஆக, 'தேர்ட்' திடீரென்று வந்ததல்ல. தங்களுக்குப் பேர் வாங்கித் தந்த சத்தத்தையே விட்டு விலகுவதை இவர்கள் 1997இலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

ரோஸ்லேண்டைக் கட்டாயம் வாங்குங்கள். கச்சேரி நடந்தது நியூயார்க்கில், ரோஸ்லேண்ட் என்ற அரங்கில், 1997 ஜூலை 24. இரண்டாவது ஆல்பம் கடைக்கு வந்தது செப்டம்பர் கடைசியில். அதாவது அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பாட்டுகளை முதல் தடவையாகக் கேட்கிறார்கள். கூடவே பெரிய வாத்தியக் குழு. ஸ்டூடியோவில் தட்டுக்குள் நெருக்கி வைத்ததெல்லாம் இங்கே விரிந்து வரும். ஒரு தகவல்: ஆல்பத்தில் எல்லாமே ரோஸ்லேண்டில் பதிந்தவை இல்லை. 'சவர் டைம்ஸ்' 1998இல் சான் பிரான்சிஸ்கோவில் பதிந்தது. 'ரோட்ஸ்', 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்' இரண்டும் அதே வருடம் நார்வேயில். அந்த 'சவர் டைம்ஸ்' பாட்டில் பெத் கடைசியில் கத்துகிற கத்தலைக் கேட்டால், 'மெஷின் கன்' உங்களுக்கு அந்நியமாகத் தெரியாது.

மணல்மேடு எழுதியது:

ஊசிமுனை அண்ணன் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் மூன்றில் பெரியது 'தேர்ட்'தான் என்பது என் உறுதியான எண்ணம். மற்ற இரண்டும் கேட்டால் எந்தக் காலத்தவை என்று சொல்லிவிடலாம். 'தேர்ட்' அப்படி இல்லை.

தாழ்வாரம், 'மெஷின் கன்' பாட்டைத் தனியாகப் பிடுங்கிக் கேட்காதீர்கள். அதற்கு முந்தின பாட்டு 'டீப் வாட்டர்'. ஒன்றரை நிமிடம்தான். யுகுலேலி என்ற குட்டிக் கிட்டாரை வைத்துக்கொண்டு பழங்காலத்து நாட்டுப்பாட்டு மாதிரி மெல்லப் பாடிவிட்டுப் போவார்கள். அது முடிந்த கையோடு அந்த டிரம் விழ வேண்டும். அந்த இடத்துக்காகத்தான் அது அவ்வளவு வறட்டுத்தனமாக இருக்கிறது. கடைசி ஒரு நிமிடம் பொறுத்துக் கேளுங்கள், சிந்தசைசர் ஒன்று எழுந்து வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

முதல் பாட்டு 'சைலன்ஸ்' போர்த்துகீசியப் பேச்சோடு தொடங்கும். பெத்தின் குரல் வரவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பாட்டு சூடு பிடித்து ஓடிக்கொண்டிருக்கும்போதே கத்தரித்தாற்போல நின்றுவிடும். உங்கள் கணினியில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள், ஆல்பமே அப்படித்தான். 'தி ரிப்' நாலாவது பாட்டு. அதில் ஓர் இடத்தில் பெத் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நீட்டிக்கொண்டே போவார். மனிதத் தொண்டைக்கு அது முடியாது என்று நமக்குத் தோன்றும்போது, கீழே கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த அதே ஓட்டத்தைச் சிந்தசைசர் வாங்கிக்கொள்ளும். இவர்கள் செய்ததிலேயே எனக்கு அதற்கு மேல் ஒன்று கிடையாது.

மழைச்சாலை எழுதியது:

நான் இருப்பது பிரிஸ்டலுக்குப் பக்கத்தில். போர்ட்டிஸ்ஹெட் என்பது இங்கிருந்து மேற்கே பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டரில் உள்ள சின்னக் கடலோர ஊர். பாரோ வளர்ந்த ஊர் அது. பயணிகள் ரயில் 1964இலேயே நின்றுவிட்டது, பேருந்தில்தான் போக வேண்டும். கடல் என்றாலும் நம் கடற்கரை மாதிரி இல்லை. நீர் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறுதான். 'தேர்ட்' கடைசியில் 'திரெட்ஸ்' பாட்டு முடியும்போது கப்பல் சங்கு மாதிரி ஒரு சத்தம் திரும்பத் திரும்ப வரும். இங்கே கரையில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டாம்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி. ஆனால் சும்மா இருக்கவில்லை. பெத் 2002இல் 'டாக் டாக்' குழுவின் பால் வெப்போடு சேர்ந்து 'அவுட் ஆஃப் சீசன்' செய்தார். அட்லியும் அதில் வாசித்திருக்கிறார். 'தேர்ட்' பாட்டுகளை முதன்முதலில் 2007 டிசம்பரில் இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் நடந்த இசை விழாவில் பாடிக் காட்டினார்கள். அந்த விழாவுக்கு யார் யார் பாட வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததும் இவர்களே.

தாழ்வாரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மணல்மேடு சொன்னபடி 'டீப் வாட்டர்' பாட்டிலிருந்து தொடர்ந்து போட்டேன். டிரம் விழுந்தபோது பயம் வந்தது, ஆனால் நிறுத்தத் தோன்றவில்லை. இரண்டாவது ஆல்பம் இன்று இரவு. ஆல்பங்களுக்கு வெளியே தனியாக ஏதாவது இருக்கிறதா?

ஊசிமுனை எழுதியது:

கொஞ்சம் இருக்கிறது. 'சேஸ் தி டியர்' என்று 2009இல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனலுக்காக ஒரு பாட்டு. 'தேர்ட்' சத்தத்தின் தொடர்ச்சி, மணல்மேடுக்குப் பிடித்திருக்கும். அப்புறம் ஆபாவின் 'எஸ்ஓஎஸ்' பாட்டை 'ஹை ரைஸ்' படத்துக்காகப் பாடினார்கள். ஆபாவின் பாட்டில் இருந்த துள்ளலை எடுத்துவிட்டு, வெறும் கெஞ்சலை மட்டும் வைத்திருக்கிறார்கள். பெத் தனியாகச் செய்ததில் 2024இல் வந்த 'லைவ்ஸ் அவுட்குரோன்' ஆல்பத்தை விடாதீர்கள். போலந்து இசையமைப்பாளர் கோரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்ஃபனியைப் பெத் போலிஷ் மொழியிலேயே பாடி, இன்னொரு போலந்து இசையமைப்பாளரான பெண்டரெட்ஸ்கி வாத்தியக் குழுவை நடத்திய பதிவும் 2019இல் வந்தது. அது இன்னொரு நாளைக்கு.

ஒன்றை மட்டும் இப்போதே பாருங்கள். உங்களிடம் இருப்பது பிரிட்டிஷ் பதிப்பு 'டம்மி'யா, அமெரிக்கப் பதிப்பா? அமெரிக்கப் பதிப்பில் 'இட்ஸ் எ ஃபயர்' என்று கூடுதலாக ஒரு பாட்டு இருக்கும். இல்லையென்றால் தேடிப் பிடியுங்கள். பெத் அந்த ஆல்பத்தில் பாடியதில் மிக நேரடியான பாட்டு அதுதான்.