எதிர்வீட்டு ஆன்ட்டியின் சுகி கேக்

தோழிகளே, டிசம்பர் வந்தாலே கிறிஸ்துமஸ் பலகாரக் கதை எல்லாரும் சொல்கிறீர்கள். என்னிடம் இருப்பது ஒரு கேக் கதை.

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு எதிரே ஒரு யுரேஷிய ஆன்ட்டி, அதாவது ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சத்தவர், இருந்தார். நாங்கள் ஓபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகிறவர்கள். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டிய கோயில். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டு அச்சு முறுக்கு எதிர்வீட்டுக்குப் போகும், அங்கிருந்து சுகி கேக் வரும். சுகி நம் ரவைதான். இந்தியில் சூஜி என்பார்களே, அதே சொல். ரவை என்றால் உப்புமா, கேசரி என்றிருந்த எனக்கு, பாதாமும் வெண்ணெயும் மணக்கும் அந்தத் துண்டு பெரிய அதிசயம்.

கல்யாணமாகி செங்காங் வந்த வருஷம் நானே செய்யப் பார்த்தேன். வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்து, ரவையை அப்படியே கொட்டிக் கலந்து ஓவனில் வைத்துவிட்டேன். மேலே நல்ல பொன்னிறம். வாயில் வைத்தால் மணல்! மாமியாருக்குக் கொடுக்க வேண்டிய கேக், அழுகையே வந்துவிட்டது. ஆன்ட்டிக்குப் போன் போட்டேன்.

“ரவையை எவ்வளவு நேரம் ஊற வெச்சே?”

“ஊற வைக்கணுமா ஆன்ட்டி?”

“நாளைக்கு சாயந்திரம் வா.”

போனேன். 250 கிராம் வெண்ணெயை இளக விட்டு, அதில் 250 கிராம் ரவையைப் பிசைந்து, மூடி, ராத்திரி முழுக்க வைத்தார். வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் உண்டு. ரவை அதை மெல்லக் குடித்து இளகும். காலையில் ஒரு சிட்டிகை எடுத்து என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். முந்தின நாள் விரலில் குத்திய ரவை இப்போது வழுக்கியது. அந்தத் தொடு உணர்வு இன்னும் என் விரலில் இருக்கிறது.

பிறகு பாத்திரத்தை இருபது நிமிஷம் குளிர்பெட்டியில் வைத்தார். வெளிநாட்டுச் செய்முறையில் ‘அறை வெப்பநிலை’ என்றால் 20 டிகிரி பக்கம். நம் சமையலறையோ 30. அந்தச் சூட்டில் வெண்ணெய் எண்ணெயாகிவிடும், அடித்தாலும் காற்றுப் பிடிக்காது. தோழிகளே, இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். பத்து மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு வெளுக்கும்வரை அடித்து, பாதாம் பொடி, கொஞ்சம் மைதா, இரண்டு மேசைக்கரண்டி பிராந்தி எல்லாம் அந்த ரவைக் கலவையில் சேர்த்து, தனியே நுரைத்த வெள்ளைக் கருவைக் கடைசியில் மெதுவாகக் கலந்து, 160 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தோம். வெட்டினால் ஈரமான மஞ்சள் நிறம், நறநறப்பு இருந்தும் இல்லாத மாதிரி.

கேக் ஆறுகிற நேரத்தில் ஆன்ட்டி, “இப்போ உன் முறை” என்றார். அச்சு முறுக்கு கற்றுக்கொள்ள வேண்டுமாம். அச்சு எண்ணெயிலேயே காய வேண்டும், மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் முறுக்கு கழலாது. முதல் மூன்று ஒட்டிக்கொண்டன. நாலாவது தானாகக் கழன்று எண்ணெயில் மிதந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். மழைக்காலம் அல்லவா, சுத்தமாக ஆறியதும் மைலோ டின்னில் போட்டு இறுக மூடிவிட வேண்டும். அரை நாள் திறந்திருந்தால் நமுத்துப்போகும்.

ஆன்ட்டி பிறகு மகளோடு ஆஸ்திரேலியாவில் இருக்கும் பெர்த்துக்குப் போய்விட்டார். போகும்போது என் அம்மாவின் இரண்டு அச்சில் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். போன டிசம்பரில் படம் அனுப்பியிருந்தார், ஒரு பெரிய தட்டு நிறைய முறுக்கு. அங்கே அது வறண்ட வெயில் காலம். டின்னே வேண்டாமாம், ஒரு வாரம் தட்டிலேயே மொறுமொறுவென்று இருந்ததாம்.