கட்டை லாரிக்கு கியூஜிஐஎஸ் காட்டும் வழி சரிவரவில்லை

தைலமரத்தான் (கிரேட்டவுன், குவாசுலு-நட்டால், தென்னாப்பிரிக்கா):

வணக்கம். ஊர் தேனி. ஆறு வருஷமாக இங்கே மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை. எந்த லாரி எந்தத் தோப்பில் கட்டை ஏற்றி எந்த வழியாக வெளியே வரவேண்டும் என்று முந்தின நாளே எழுதிக்கொடுப்பது என் பொறுப்பு. மரம் தைலமரம், இங்கே 'கம்' என்பார்கள். கட்டை கிரான்ஸ்காப் வழியாக ஆர்74 ரோட்டில் இறங்கி, ஸ்டேங்கரில் என்2 நெடுஞ்சாலையைப் பிடித்து ரிச்சர்ட்ஸ் பே காகிதக்கூழ் ஆலைக்குப் போகிறது. தார் ரோட்டில் குழப்பமே இல்லை. தோப்புக்குள் இருக்கும் மண் ரோட்டில்தான் எல்லாக் குழப்பமும்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எல்லா ரோட்டையும் நானே வரைந்து, 'ஷார்ட்டஸ்ட் பாத்' (மிகக் குறைந்த தூர வழி) போட்டேன். 14-ஆம் அடுக்குக்கு (தோப்பின் ஒரு பிரிவு) ஓடையோரமாக 2.3 கிலோமீட்டர் வழி காட்டியது. டிரைவர்கள் வழக்கமாகப் போகும் மேட்டு வழி 4.1. நம்பி அனுப்பினேன். இரவு மழை பெய்திருந்தது. பாரத்தோடு ஏறின லாரி பாதிச் சரிவில் நின்று, பின்சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கட்டை தூக்கும் பெல் வண்டியை வரவழைத்துப் பாதிக் கட்டையை இறக்கி, மேலே இழுத்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. டிரைவர் சத்தம் போடவில்லை. ஒரு கைப்பிடி செம்மண்ணை எடுத்துவந்து என் மேசையில் வைத்து, "இது உன் படத்தில் எங்கே இருக்கிறது?" என்று ஜூலுவில் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

சரிவைச் சேர்க்கலாம் என்று எஸ்ஆர்டிஎம் உயரத் தரவைப் போட்டால், சமமான மேட்டு ரோட்டுக்கு 18 சதவீதம் காட்டுகிறது. வேறு எப்படிச் செய்வது?

வரைபடக்காரி (பிரிட்டோரியா):

தம்பி, எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரில் அளந்தது. அடர்ந்த தோப்பில் அந்த ரேடார் தரைவரை இறங்காது, மரத்தின் மேற்பகுதியிலேயே திரும்பிவிடும். அன்றைக்கு ரோட்டுக்கு ஒரு பக்கம் உயர்ந்த மரம், மறுபக்கம் வெட்டின வெளி என்றால் சம ரோடும் படிக்கட்டாகத் தெரியும். உங்கள் 18 அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

சரிவை வைத்து வேகத்தை ஊகிக்காமல் வேகத்தையே எடுங்கள். லாரி ஜிபிஎஸ் பதிவு ஒரு மாதத்துக்குப் போதும். உள்ளே வருவது காலி, வெளியே போவது பாரம் என்று பிரித்தால் ஒவ்வொரு ரோட்டுத் துண்டுக்கும் இரண்டு வேகம் கிடைக்கும். கியூஜிஐஎஸ் ஒரு நேரத்தில் அட்டவணையின் ஒரு வேகப் பத்தியைத்தான் எடுக்கும், அதனால் இரண்டு தடவை ஓட்டுங்கள். 'ஷார்ட்டஸ்ட்' வேண்டாம், 'ஃபாஸ்டஸ்ட்' தேர்ந்தெடுங்கள். வேகம் எழுதாமல் விட்ட துண்டுக்கு அது தானாக மணிக்கு 50 கிலோமீட்டர் போட்டுக்கொள்ளும். அந்த ஓடைச் சரிவை அப்படி விட்டுவிடாதீர்கள்.

படம் டிகிரியில் இருந்தால், மீட்டரில் அளக்கும் யுடிஎம் 36 தெற்கு முறைக்கு மாற்றிவிடுங்கள். டோபாலஜி டாலரன்ஸ் (எவ்வளவு தள்ளியிருக்கும் புள்ளிகளைச் சேர்ந்ததாக எடுத்துக்கொள்வது என்ற அளவு) 1 என்றால் மீட்டரில் ஒரு காலடி தூரம்தான், டிகிரியில் நூறு கிலோமீட்டருக்கு மேல். ரோடுகள் சந்திக்கும் இடத்தில் பொதுப்புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணுக்குச் சேர்ந்த மாதிரி தெரிந்தாலும், புள்ளி இல்லாவிட்டால் மென்பொருளுக்கு அங்கே திரும்ப வழி கிடையாது.

ஸ்டேங்கர் தாத்தா:

தம்பி, நான் இங்கேயே பிறந்தவன். கரும்பு லாரி, கட்டை லாரி இரண்டும் ஓட்டி ஓய்ந்தவன். கம்ப்யூட்டர் தெரியாது, பேத்தி படித்துக்காட்டினாள். வேகம் சரி. லாரி எங்கே திரும்பும் என்று யாரும் சொல்லவில்லையே! சட்டப்படி 22 மீட்டர் நீளம், பாரத்தோடு 56 டன். அடுக்கு முட்டுச்சந்தில் இருந்தால் அதை நான் எப்படித் திருப்புவேன்? திரும்பும் இடத்தையெல்லாம் படத்தில் குறி. அகலமில்லாத வளைவை அழித்துவிடு. மழைக்கு ஆகாத ரோட்டுக்குத் தனி நிறம் கொடு. அந்த மண்ணைக் கொண்டுவந்த டிரைவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்.

தைலமரத்தான்:

அக்கா, தாத்தா, இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அந்த டிரைவர் அண்ணன் என் வீட்டுக்கே வந்தார். காகிதத்தில் அச்சடித்த படத்தில் சிவப்புப் பேனாவால் ஒன்பது இடத்தில் கோடு போட்டார். அதில் இரண்டு மதகுகள் எனக்குத் தெரியவே தெரியாது, மரநிழலில் மறைந்து கிடந்திருக்கின்றன. ஜிபிஎஸ் பதிவில் ஓடைச் சரிவில் பார வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர்தான். அதைச் சேர்த்து ஓட்டியதும் 14-ஆம் அடுக்குக்கு மேட்டு வழிதான் வந்தது. ஓடை வழியைக் காலி லாரி உள்ளே வருவதற்கு மட்டும், அதுவும் காய்ந்த நாளில், வைத்திருக்கிறேன்.