பணம் கட்டுகிற எங்களுக்கே சொல்ல மாட்டார்களாம்

ஞாயிறு, மாலை 6:40

சித்தி: எல்லோருக்கும் ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை பாப்பாவின் கல்லூரிக்குப் போன் செய்தேன். மிட்டெர்மில், அதாவது செமஸ்டர் நடுவில் வைக்கும் தேர்வில், எப்படிச் செய்திருக்கிறாள் என்று கேட்டால், "மாணவியின் அனுமதி இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது" என்று வைத்துவிட்டார்கள். பெற்ற தாய்க்குச் சொல்ல முடியாதா? ஹைஸ்கூலில் தினமும் போர்ட்டலில் பார்த்துக்கொண்டிருந்தேனே.

சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: அநியாயமாக இருக்கிறதே. ஃபீஸ் மட்டும் யார் கட்டுகிறார்களாம்?

சித்தப்பா: அந்த பில்லும் அவள் கணக்கில்தான் வருகிறது அண்ணா. அவள் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் நான் கட்டுகிறேன். போன தடவை அவள் மறந்துவிட்டாள், தாமதக் கட்டணமும் சேர்ந்து வந்தது.

நான்: சித்தி, நான் வேலை செய்கிற ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில், அதாவது கல்லூரியின் மாணவர் பதிவு அலுவலகத்தில், எனக்கு இதே போன் அடிக்கடி வரும். அழுகிற அம்மாக்களிடமும் "முடியாது" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்ததில்லை. ஃபெர்பா (FERPA) என்கிற அமெரிக்கக் கல்விப் பதிவுச் சட்டம், 1974இலிருந்து இருக்கிறது. பள்ளிப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை முதலில் பெற்றோருக்கு. பிள்ளைக்கு 18 வயது ஆனதும், அல்லது அதற்கு முன்பே கல்லூரியில் சேர்ந்துவிட்டாலும், அந்த உரிமை அப்படியே பிள்ளைக்குப் போய்விடும். பாப்பாவுக்கு ஆகஸ்டிலேயே போய்விட்டது.

நான்: இன்னொன்று, போனில் பேசுவது அம்மாதான் என்று அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பாப்பா எந்த நாள் எந்த வகுப்பில் இருப்பாள் என்று தேடுகிற வேறு யாராகவோ இருந்தால்? எங்களுக்கு முதலில் தோன்றுவது அந்தப் பயம்தான்.

சித்தி: அது சரி. அதை நான் யோசிக்கவில்லை.

சித்தப்பா: வருமான வரியில் அவள் என் டிபெண்டன்ட், என்னைச் சார்ந்தவள் என்றுதான் காட்டுகிறேன். அதற்கு ஒரு மதிப்பும் இல்லையா?

நான்: அதற்கு மதிப்பு உண்டு சித்தப்பா. ஃபீஸ் கட்டுவதால் மட்டும் உரிமை வராது. ஆனால் வரிச் சட்டத்தின் 152ஆம் பிரிவுப்படி அவள் டிபெண்டன்ட் என்றால், அவள் கையெழுத்து இல்லாமலே கல்லூரி உங்களுக்குக் காட்டலாம். அதற்குச் சான்றாக 1040 என்கிற வருமான வரிப் படிவத்தைக் கேட்பார்கள். ஆனால் சட்டத்தில் இருப்பது "காட்டலாம்", "காட்டியே ஆக வேண்டும்" இல்லை. டிபெண்டன்டாக இருந்தாலும் பிள்ளை கையெழுத்துப் போட்டால்தான் தருவோம் என்கிற கல்லூரிகளும் இருக்கின்றன.

சித்தப்பா: அப்படியானால் நாளைக்கே அனுப்பிப் பார்க்கிறேன்.

நான்: அனுப்ப உங்களுக்கு வழி இருக்கிறது, நான் தடுக்கவில்லை. ஆனால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் இருப்பது செமஸ்டர் முடிந்த பிறகு வரும் கிரேடு. மிட்டெர்ம் மார்க் பெரும்பாலும் பேராசிரியரிடமே இருக்கும். அவள் ஏன் தடுமாறுகிறாள், ராத்திரி தூங்குகிறாளா என்பதெல்லாம் எந்தப் பதிவிலும் இல்லை. அவளுக்குத் தெரியாமல் வாங்கினீர்கள் என்று நாளைக்குத் தெரிந்தால், அவளாகச் சொல்வதும் நின்றுவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அத்தை: மார்க்கை விடு. அவளுக்கு உடம்புக்கு ஏதாவது ஆனால்? அப்போதும் சட்டம் என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்களா?

நான்: இல்லை அத்தை. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் யாரிடமும் அனுமதி கேட்காமல் பெற்றோரைக் கூப்பிடலாம். 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு விசாரித்தபோது, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று தெரியாமல் ஆளாளுக்குத் தயங்கியது வெளியே வந்தது. 2008இல் அந்த விதியைத் தெளிவாக்கித் தளர்த்தினார்கள். 21 வயதுக்குள் இருக்கும் பிள்ளை மது, போதை விஷயத்தில் விதியை மீறினால் பெற்றோருக்குச் சொல்லவும் 1998இலிருந்து இடம் இருக்கிறது. ஆனால் இரண்டும் "சொல்லலாம்" வகைதான்.

நான்: பேராசிரியர் ஒருவர் தன் கண்ணால் பார்த்ததற்கு இந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது. "உங்கள் பெண் ஒரு மாதிரி சோர்ந்து இருக்கிறாள்" என்று அவர் போன் செய்தால் தப்பில்லை. ஃபெர்பா காப்பது பதிவில் இருப்பதை மட்டும்.

நான்: ஆஸ்பத்திரிக்கு வேறு சட்டம், வேறு கையெழுத்து. மார்க்கைவிட அதுதான் எனக்கு அவசரமாகத் தெரிகிறது. 18 ஆகிவிட்டதால் டாக்டரும் அவளைத்தான் கேட்பார். தனக்கு முடியாத நிலையில் யார் முடிவெடுக்கலாம் என்று அவள் எழுதிக் கொடுக்க ஒரு படிவம் உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். அவள் படிக்கிற மாநிலத்தின் படிவத்தை நன்றி நாள் (தாங்ஸ்கிவிங்) விடுமுறைக்கு வரும்போது உட்கார்ந்து பேசி நிரப்புங்கள்.

பாப்பா: நான் எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பாப்பா: அம்மா, கெமிஸ்ட்ரி மார்க்கை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ அதை இங்கே போட்டாய். பெரியப்பா, அத்தை, அண்ணன்கள் எல்லோரும் இருக்கிற குழு இது.

சித்தி: நீக்கிவிட்டேன் கண்ணு. பதற்றத்தில் போட்டுவிட்டேன். தப்புதான்.

பெரியப்பா: நான் படிக்கவில்லை மா.

அத்தை: நான் படித்துவிட்டேன். மன்னித்துக்கொள் தங்கம். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

பாப்பா: பரவாயில்லை அத்தை. அப்பா, டாக்ஸ் படிவத்தை அனுப்ப வேண்டாம். என்ன வேண்டும் என்று என்னிடமே கேளுங்கள்.

சித்தப்பா: எனக்கு பில் நேராக வர வேண்டும். தாமதக் கட்டணம் இனி கட்ட முடியாது.

பாப்பா: அது நியாயம். அக்கா, பில்லை மட்டும் தர முடியுமா, மார்க் இல்லாமல்?

நான்: முடியும். பொதுவாக உன் மாணவர் கணக்கிலேயே பணம் கட்டுபவரைச் சேர்க்க ஓர் இடம் இருக்கும், அப்பாவின் மெயிலைக் கொடு. அதில் பில் மட்டும்தான் தெரியும். மார்க்குக்குத் தனியாக ஒப்புதல் தர வேண்டும். எந்தப் பதிவு, எதற்காக, யாருக்கு என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். கல்லூரியே அதை ஆன்லைனில் வைத்திருக்கலாம். கொடுத்ததைப் பிறகு நிறுத்தவும் உனக்கு முடியும்.

பாப்பா: மார்க்குக்கு இப்போது போடவில்லை. செமஸ்டர் கிரேடு வந்த அன்றே நானே காட்டுகிறேன் அம்மா, எவ்வளவு மோசமாக இருந்தாலும். கெமிஸ்ட்ரிக்கு வாரம் இரண்டு நாள் ட்யூட்டரிங் சென்டருக்குப் போகத் தொடங்கிவிட்டேன். அது உனக்குத் தெரியாது.

சித்தி: ஏன் சொல்லவில்லை?

பாப்பா: சொன்னால் தினமும் அதையே கேட்பாய் என்று.

சித்தி: ம். கேட்டிருப்பேன்.

அத்தை: எனக்கும் ஒரு சந்தேகம். நம் சின்னவன் 11ஆம் வகுப்பிலேயே கம்யூனிட்டி காலேஜில் ஒரு கணக்கு வகுப்பு எடுக்கிறான். 16 வயதுதான். அவனுக்கும் இப்படியா?

நான்: காலேஜ் பதிவுக்கு ஆமாம் அத்தை, வயது 16 என்றாலும் அங்கே உரிமை அவனுடையது. ஆனால் ஹைஸ்கூல் பதிவு இன்னும் உங்களுடையதுதான். காலேஜ் அந்த மார்க்கை ஹைஸ்கூலுக்கு அனுப்பினால் அங்கே நீங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

அத்தை: அவனிடமே கேட்கிறேன், சொல்கிறானா பார்ப்போம்.

இரவு 8:15

சித்தப்பா: காலேஜிலிருந்து மெயில் வந்துவிட்டது. பாஸ்வேர்டு வைத்து உள்ளே போய்விட்டேன். அடுத்த பில் ஜனவரிக்கு என்று காட்டுகிறது.

பாப்பா: சரி அப்பா. அம்மா, அந்த ஆஸ்பத்திரி படிவத்தை நாளை ராத்திரி வீடியோ காலில் சேர்ந்து படிக்கலாமா? லீவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

சித்தி: ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன். தனியாகவே கூப்பிடுகிறேன்.